யானைக் கூட்டத்தில் அத்தை கிடையாது: காட்டுயிர் நிகழ்ச்சியைத் தமிழில் கூடிப் பார்க்கும் முறை

பெங்களூரில் மூன்று நான்கு தமிழ்க் குடும்பங்கள் ஞாயிறு சாயங்காலம் ஒரே வீட்டில் கூடி, ஆப்பிரிக்க யானைகளைப் பற்றியோ கனடாக் கடலின் ஓர்க்காக்களை (டால்பின் இனத்திலேயே மிகப் பெரியவை) பற்றியோ ஐம்பது நிமிட நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்பது சுலபம். பார்த்து முடித்தபின் அதைப் பற்றித் தமிழில் பேசுவதுதான் பாடு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம், கீழே விளையாடும் இடத்தில் கன்னடமும் இந்தியும். "சூப்பரா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்குச் சொல்ல நிறைய இருக்கும், கேட்க ஆள் இருக்காது. இருவரையும் ஒரே பேச்சுக்குள் கொண்டுவர நம் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது: உறவுமுறைச் சொற்கள். விலங்குக் குடும்பங்களைப் புரிந்துகொள்ள ஆங்கில வர்ணனையைவிட அவை கூர்மையானவை. அவற்றை வைத்து ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துப் பேசும் முறை இது.

நிகழ்ச்சியைத் தேர்வு செய்வது

ஒரே குடும்பத்தை முழு நேரமும் பின்தொடரும் நிகழ்ச்சியாக எடுங்கள். பத்து நிமிடத்துக்கொரு கண்டம் தாவும் நிகழ்ச்சி கண்ணுக்கு விருந்து, பேச்சுக்கு உதவாது. யானை, சிங்கம், ஓர்க்கா, சிம்பன்சி, மீர்காட் (ஆப்பிரிக்கக் கீரி இனம்) ஆகிய ஐந்தும் நன்றாக எடுபடும். எம்பரர் பெங்குவின் வேறு மாதிரி. அங்கே தாய், தந்தை, ஒரு குஞ்சு அவ்வளவுதான். அப்பா இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பாடில்லாமல் நின்று முட்டையைக் காப்பது பெரிய விஷயம், ஆனால் வரைந்து பார்க்க உறவு வேண்டுமே. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் ஒருவர் முதல் நாளே முழுக்கப் பார்த்துவிட வேண்டும். இதைத் தவிர்க்க முடியாது. எந்த நிமிடத்தில் நிறுத்துவது, எந்த நிமிடத்தில் குட்டி சாகிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியும் திரையும்

நேஷனல் ஜியோகிராஃபிக், டிஸ்கவரி, சோனி பிபிசி எர்த் போன்ற அலைவரிசைகளில் தமிழ் ஒலி உண்டு. ஆனால் செட்டாப் பாக்ஸ் கடைசியாகப் பயன்படுத்திய மொழியைப் பிடித்துக்கொள்ளும், பெங்களூரு வீடுகளில் அது பெரும்பாலும் இந்தியோ ஆங்கிலமோதான். ரிமோட்டின் மொழிப் பொத்தானில் மாற்றிவிட்டு, வேறு சேனலுக்குப் போய்த் திரும்பி வந்து தமிழ் நிற்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். நேரடி ஒளிபரப்பில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பேச்சை விளம்பர இடைவேளைகளில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓடிடி-யில் பார்ப்பதாக இருந்தால் டிவியிலேயே இருக்கும் ஆப் நல்லது. போனிலிருந்து திரையைப் பிரதிபலித்தால், படத்துக்கு இருக்கும் பாதுகாப்பினால் சில ஆப்களில் ஒலி மட்டும் வரும், திரை கறுப்பாகவே நிற்கும். புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் அதிலிருக்கும் ஸ்பீக்கரை நம்ப வேண்டாம், பத்துப் பேர் உட்கார்ந்த அறையில் அது கேட்காது. வயர் போட்டுத் தனி ஸ்பீக்கர் வையுங்கள். யுபிஎஸ் இருந்தால் டிவியோடு வைஃபை ரவுட்டரையும் அதில் செருகுங்கள். கரண்ட் போய் வரும்போது டிவி உடனே எழுந்துவிடும், ரவுட்டர் இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குள் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள்.

தமிழ் ஒலி இல்லாத நிகழ்ச்சி என்றால் வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். ஒலியைப் பாதிக்குக் குறைத்து, வர்ணனையாளர் மூச்சு விடும் இடத்தில் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். வீட்டுச் சந்தாவை வைத்து வீட்டில்தான் பார்க்கலாம். அடுக்குமாடிச் சங்கக் கூடத்தில் திரையிடுவதற்குத் தனி உரிமம் வேண்டும்.

உறவு வரைபடம்

முழு அளவு சார்ட் பேப்பர் ஒன்று, கறுப்பு, சிவப்பு, நீல மார்க்கர். ஸ்கெட்ச் பேனா ஆறடி தள்ளி உட்கார்ந்த பாட்டிக்குத் தெரியாது. தாளை டிவிக்குப் பக்கத்துச் சுவரில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள், செலோ டேப் பெயிண்டைப் பிய்த்துக்கொண்டு வரும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்கு முக்கோணம். பெற்ற உறவு கறுப்புக் கோடு. கூட்டத்தை விட்டுப் போனவர்களுக்கு நீலப் புள்ளிக்கோடு. செத்துப்போனால் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு.

யானையில் தொடங்குவது நல்லது. மேலே ஒரு பெரிய வட்டம், கூட்டத்தின் தலைவி, அதாவது அம்மாச்சி. கீழே அவளுடைய மகள்கள் மூன்று வட்டம். நடு வட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம், படத்தின் நாயகனான கன்று. தலைவிக்குக் கீழே இன்னொரு முக்கோணமும் போட்டு, அதிலிருந்து நீலப் புள்ளிக்கோட்டைத் தாளின் ஓரம்வரை இழுத்து விடுங்கள். ஆண் யானை பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் கூட்டத்தை விட்டுப் போய்விடும். கன்றின் தகப்பனும் அப்படி வேறொரு கூட்டத்திலிருந்து போனவன்தான், அவன் இந்தத் தாளிலேயே இல்லை.

இப்போது கேளுங்கள்: "கன்னுக்கு அந்தப் பக்கம் நிக்கிற பெரிய யானை என்ன வேணும்?" ஆங்கிலம் வளர்த்த பிள்ளை "ஆன்ட்டி" என்று சொல்லும். பெரியம்மாவா, சித்தியா, அத்தையா என்று பாட்டி திருப்பிக் கேட்பார். வேண்டியது இந்தக் கேள்விதான். யானைக் கூட்டத்தில் அத்தை இருக்கவே முடியாது. அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறந்தாள், அவள் அப்பா பிறந்த கூட்டத்தில் இருக்கிறாள். கன்றைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் பெரியம்மாவும் சித்தியும் அக்காவும்தான். ஆங்கிலத்தில் சித்திக்கும் அத்தைக்கும் ஒரே சொல் என்பதால் தமிழ் வர்ணனையில் "அத்தை யானை" என்று வந்தால், அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். அது சின்னப் பிழை இல்லை. அந்தக் கூட்டம் எப்படி அமைந்திருக்கிறது என்பதையே மாற்றிவிடும்.

இன்னொரு படி போகலாம். பெரியம்மாவின் கன்றை ஆங்கிலம் "கசின்" என்கிறது. நம் முறைப்படி அவள் அக்கா அல்லது தங்கை. தலைவியின் மகள்கள் ஈன்ற கன்றுகள் எல்லாம் ஒருவருக்கொருவர் உடன்பிறப்பு முறை, முறைப்பையனோ முறைப்பெண்ணோ ஒருவரும் இல்லை. ஆண்கள் வெளியே போவதால் நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்க்கை குறைகிறது என்று உயிரியல் சொல்கிறது. அதையேதான் வரைபடமும் காட்டுகிறது.

அடுத்த வாரம் ஓர்க்கா. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலும் அமெரிக்காவின் வாஷிங்டன் கரையிலும் வாழும் சால்மன் தின்னும் ஓர்க்காக்களில் மகளும் போவதில்லை, மகனும் போவதில்லை. ஆயுள் முழுக்க அம்மாவோடுதான். சேர்க்கை மட்டும் வேறு கூட்டத்தோடு. அதனால் குட்டிக்குப் பக்கத்தில் நீந்துவது தாய்மாமன். மாமனின் பிள்ளைகளோ வேறொரு கூட்டத்தில், அவரவர் அம்மாவோடு. நாற்பது வயதுவாக்கில் குட்டி போடுவதை நிறுத்திவிடும் பாட்டி அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து கூட்டத்தை மீன் இருக்கும் இடத்துக்கு நடத்துகிறாள், தான் பிடித்த மீனையும் பங்கு வைக்கிறாள். தாய்மாமன் என்ற சொல் வந்தவுடன் காதுகுத்து, சீர், மடியில் உட்கார்த்தி மொட்டை என்று அறையில் பேச்சு தானாக எழும். தடுக்காதீர்கள், ஐந்து நிமிடம் விட்டுவிட்டுத் திரும்ப வாருங்கள்.

சிங்கத்தில் ஆண்கள் வெளியிலிருந்து வருகிறார்கள், பெரும்பாலும் அண்ணன் தம்பிகளாக. எனவே அங்கே சித்தியும் உண்டு, சித்தப்பாவும் உண்டு. மாமனும் இல்லை, அத்தையும் இல்லை. சிம்பன்சியில் எல்லாம் தலைகீழ்: ஆண்கள் பிறந்த இடத்திலேயே தங்க, வயதுக்கு வந்த பெண்கள் பெரும்பாலும் வேறு கூட்டத்துக்குப் போவார்கள். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960-இல் ஆய்வைத் தொடங்கிய தான்சானியாவின் கோம்பேயில், பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிட்ட மகள்களும் உண்டு. "பெரும்பாலும்" என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அது நல்ல இடம்.

சொற்களில் வரும் சிக்கல்

ஒவ்வொரு வீட்டுத் தமிழும் வேறு. அம்மாவின் அம்மா மதுரைப் பக்கம் அம்மாச்சி, கோவைப் பக்கம் அம்மிச்சி, நெல்லையில் ஆச்சி. சில வீடுகளில் அத்தையையே மாமி என்பார்கள். எது சரியான தமிழ் என்று வாதம் கிளம்பினால் மாலை முழுக்க அதிலேயே போய்விடும். ஒவ்வொரு வீட்டுச் சொல்லையும் வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள், நான்கு சொல் இருந்தாலும் இருக்கட்டும். தமிழில் தடுமாறும் பிள்ளைக்குக் கன்னடம் கைகொடுக்கும். பெரியம்மா தொட்டம்மா, சித்தி சிக்கம்மா. பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் அழைத்தால் இன்னும் நல்லது, அவர்கள் வீட்டிலும் பெரியம்மா வேறு, அத்தை வேறு.

"பேபி எலிஃபன்ட்", "பேபி லயன்" என்று எல்லாம் பேபியாகிவிடுவதையும் கவனியுங்கள். தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதி இளமைக்கு மட்டும் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர் சொல்கிறது. ஒன்பதையும் மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். யானைக்குக் கன்று, நாய்க்குக் குருளை, பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும், இந்த அளவு போதும். மீர்காட்டுக்குத் தமிழில் தனிப் பெயர் இல்லை, ஆனால் அது கீரி இனம். ஊரில் கீரிப்பிள்ளை என்கிறோமே, அதன் கலஹாரிச் சொந்தம் என்று சொன்னால் பாட்டிக்கு உடனே பிடிபடும்.

எங்கே நிறுத்துவது

மூன்று முறை போதும். முதல் நிறுத்தம் பத்தாவது நிமிடம்வாக்கில், முக்கியமான விலங்குகள் எல்லாம் தலைகாட்டிய பின். அதற்கு முன்னால் நிறுத்தினால் வரைய ஆளில்லை. இரண்டாவது, யாராவது கூட்டத்தை விட்டுப் போகும்போதோ வரும்போதோ. மூன்றாவது, முடிவுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்: "இனி என்ன ஆகும்?" ஒவ்வொன்றும் நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சுண்டலை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். நடுவில் பரிமாறினால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள், வரைபடமும் அப்படியே நின்றுவிடும்.

குட்டி சாகும் காட்சி

பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள். புதிதாக வந்த ஆண் சிங்கம் பழைய ஆணின் குட்டிகளைக் கொல்லும். பாலூட்டும் தாய் உடனே அடுத்த சினைக்குத் தயாராகாது, குட்டி போய்விட்டால் சீக்கிரம் தயாராகும். மீர்காட் தலைவி, தனக்குக் கீழுள்ள பெண் ஈன்ற குட்டிகளைக் கொல்வதும் அந்தப் பெண்ணை விரட்டிவிடுவதும் உண்டு. குட்டிகளைக் காக்கவும் ஊட்டவும் இருக்கும் கைகள் கொஞ்சம்தான், அவை தன் குட்டிகளுக்கே வேண்டும் என்பது காரணம். "கெட்ட அம்மா" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னால் பிள்ளை அந்தக் காரணத்தைக் கேட்கவே கேட்காது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் காட்சியைத் தாண்டிவிடுங்கள், ஆனால் நடந்ததை வாயால் சொல்லுங்கள். தாண்டிவிட்டுச் சொல்லாமல் விட்டால், வரைபடத்தில் ஒரு முக்கோணம் காணோமே என்று பிறகு கேட்பார்கள்.

அதே மீர்காட்தான் குட்டிக்குத் தேள் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. முதலில் செத்த தேள், பிறகு கொடுக்கு பிடுங்கிய தேள், கடைசியில் முழுத் தேள். கற்றுத் தருபவர்களில் அக்காவும் அண்ணனும் உண்டு. இந்த இரண்டு காட்சியையும் ஒரே மாலையில் காட்டுங்கள், ஒன்றை மட்டும் காட்டாதீர்கள்.

திரையில் நம்பக் கூடாதது

காலடி ஓசை, மெல்லும் ஓசை எல்லாம் பெரும்பாலும் பின்னால் சேர்த்தவை. நூறு மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவுக்கு அவை கேட்காது. ஒரே குட்டி என்று காட்டுவது சில நேரம் இரண்டு மூன்று குட்டிகளாக இருக்கும். 2011-இல் பிபிசி தொடர் ஒன்றில் பனிக்கரடி வளைக்குள் குட்டிகள் இருந்த காட்சி ஒரு விலங்குக்காட்சி சாலையில் எடுக்கப்பட்டது என்று தெரிந்து பெரிய விவாதம் ஆனது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு கேள்வி போடுங்கள்: "கேமரா எங்க இருந்திருக்கும்?" அதற்குப் பிறகு அவர்களாகவே கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வெளியே போய்ச் சரிபார்ப்பது

இதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு நந்தி மலைக்குப் போங்கள், பெங்களூரிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். தலையில் நடுவகிடு எடுத்தாற்போல் மயிர் நிற்கும் நாட்டுக் குரங்குகள் அங்கே உண்டு. அவற்றிலும் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்குகின்றன, ஆண்கள் பெரும்பாலும் வெளியேறுகின்றன. யாருடைய மடியில் யார் பேன் பார்க்கிறார்கள் என்று இருபது நிமிடம் எண்ணுங்கள். கையில் தின்பண்டமும் பிளாஸ்டிக் கவரும் இருக்கக் கூடாது. இருந்தால் குரங்குகள் உங்களைத்தான் பார்க்கும், ஒன்றையொன்று பார்க்காது. அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு ஹெப்பால் ஏரி. காலை ஏழு மணிக்குள் போனால் முக்குளிப்பான்கள் என்ற சின்ன நீர்ப்பறவைகள் தண்ணீரில் இருக்கும். குஞ்சு பொரித்த பருவமாக இருந்தால் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து சின்னத் தலைகள் எட்டிப் பார்க்கும். பைனாகுலர் எட்டுக்கு நாற்பத்திரண்டு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) என்ற அளவு போதும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கழுத்தில் மாட்டிவிட்டுக் கொடுங்கள், கையில் கொடுத்தால் தண்ணீருக்குள் போய்விடும்.