குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சிரப் எத்தனை மி.லி.? கணக்கைச் சரிபார்க்கும் முறை

முதலிலேயே ஒன்று. இந்தக் கணக்கு டாக்டர் எழுதிய அளவைச் சரிபார்க்க மட்டும்தான். எந்த மருந்து, கிலோவுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும். உங்கள் விடை பொருந்தாவிட்டால் நீங்களாக அளவை மாற்றாதீர்கள், போன் செய்து கேளுங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை, சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தை என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

1. எடை. இன்றைய எடை, கிலோவில். போன வருட எடை உதவாது.

2. ஒரு வேளைக்கு எத்தனை மி.கி.? நான் தடுமாறிய இடம் இதுதான். என் மகளுக்கு அப்போது 12 கிலோ. தொண்டைத் தொற்றுக்கு அமாக்சிசிலின், கிலோவுக்கு 50 மி.கி. என்று டாக்டர் சொன்னார். 12 x 50 = 600 மி.கி. என்று போட்டு, பாட்டில் அளவுப்படி 12 மி.லி. என்று எழுதிவைத்தேன். சீட்டிலோ 6 மி.லி., காலை, இரவு என்று இருந்தது. குறைத்து எழுதிவிட்டாரோ என்று பயந்துதான் கூப்பிட்டேன். 50 மி.கி. என்பது ஒரு வேளைக்கு அல்ல, ஒரு நாளைக்கு. 600ஐ இரண்டு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 300. என் கணக்கை நம்பிக் கொடுத்திருந்தால் இரண்டு மடங்கு போயிருக்கும். சில மருந்துகளுக்கு வேளைக் கணக்கிலேயே சொல்வார்கள். அதனால் "நாளைக்கா, வேளைக்கா?" என்று கேட்டு, சீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

3. மி.லி. லேபிளில் 5 மி.லி.யில் 250 மி.கி. என்றால் 1 மி.லி.யில் 50 மி.கி. 300 ÷ 50 = 6 மி.லி. அதே மருந்து 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள பாட்டிலிலும் வரும். அதில் இதே அளவுக்கு 12 மி.லி. வேண்டும். பாட்டில் மாறினால் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

4. உச்ச வரம்பு. எடை கூடிய பிள்ளைகளுக்குக் கிலோ கணக்கு பெரியவர்களின் அளவையே தாண்டிவிடும். அந்த மருந்துக்கான அதிகபட்ச அளவோடு நிறுத்தவேண்டும்.

5. அளந்து கொடுப்பது. சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அளவு. மூடியிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வாய்வழி மருந்துக்கான ஊசியில்லாத சிரிஞ்சுதான் என் தேர்வு. எழுதும்போது 0.5 என்று எழுதுங்கள்; வெறும் .5 என்றால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும்.

தூளாக வரும் பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்த்துவிட்டு, ஆறவைத்த கொதிநீரைக் கொஞ்சம் ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் பாட்டிலில் உள்ள கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அப்புறம் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். நுரையைப் பார்த்து நிறுத்தினால் மருந்து கெட்டியாகி, ஒவ்வொரு மி.லி.யிலும் அளவு கூடிவிடும்.

பின்சேர்க்கை: லேபிளில் 5 மி.லி.யில் 228.5 மி.கி. என்று இருக்கிறதே, எதை வைத்து வகுப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்து: அமாக்சிசிலின் 200, மற்றது 28.5. கிலோவுக்கு இவ்வளவு என்பது பெரும்பாலும் அமாக்சிசிலினை வைத்துத்தான், அதையும் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 200ஐ வைத்து வகுத்தால் 300 மி.கி.க்கு 7.5 மி.லி. வரும். 228.5ஐ வைத்தால் சுமார் 6.5தான் வரும், மருந்து குறைந்துபோகும்.