2.4-ஐயும் 5-ஐயும் ஒரே வைஃபை பெயரில் ஓட்டியது: என் அனுபவம்

வேளச்சேரி ஃபிளாட், ஹாலில் ரூட்டர். அது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும்; 2.4 தூரம் எட்டும், 5 வேகமானது. படுக்கையறைக்குப் போனாலும் போன் 5 கிகாஹெர்ட்ஸை விடாது. வீடியோ கால் உறைந்துவிடும். ஹாலுக்கு வந்தால் 2.4-லேயே ஒட்டிக்கொள்ளும். எதில் சேர்வது என்று கடைசியில் முடிவெடுப்பது போன்தான். ரூட்டர் தூண்டலாம், அவ்வளவே.

முதலில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு முறை வைத்தேன். எழுத்து ஒன்று மாறினாலும் போன் இரண்டையும் வேறு வேறு நெட்வொர்க்காகவே பார்க்கும்.

பலரும் தவறவிடுவது சிக்னல் பலம். ஒரே தூரத்தில் 5.2 கிகாஹெர்ட்ஸ் திறந்தவெளியிலேயே 2.4-ஐ விட சுமார் 6.7 டெசிபல் கூடுதலாக இழக்கும். சுவர் வந்தால் இன்னும் மோசம். இரண்டும் முழு பலத்தில் இருந்தால் 2.4 பெரும்பாலும் பலமாகத் தெரியும். அதனால் 2.4-ஐ மட்டும் 6 டெசிபல் குறைத்தேன். அதன் சேனல் (அலைவரிசைக்குள் ஒரு தடம்) 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்; பக்கத்து வீடுகள் சேனல் 6-இல் குவிந்திருந்தன. 5-க்கு சேனல் 36, அகலம் 80. போனை ஏற்ற அலைவரிசைக்குத் தூண்டும் பேண்ட் ஸ்டீரிங் ஆன்.

அப்படியும் கட்டிலருகே 5-இன் சிக்னல் மைனஸ் 78 டிபிஎம்தான் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்). காரணம் இடைச்சுவரை ஒட்டி நின்ற இரும்பு பீரோ. டிவிக்குப் பின்னால் கிடந்த ரூட்டரை பீரோ மறைக்காத பக்கம், ஆள் உயரத்தில் மாட்டியதும் மைனஸ் 69.

ஸ்மார்ட் பிளக்குக்கு 2.4 மட்டுமே தெரியும். ஸ்டீரிங் இருந்தால் சில நேரம் இணையாது, அதற்கு 2.4-இல் தனி கெஸ்ட் பெயர் கொடுத்துவிட்டேன்.