தட்டைச் சுருள் காயிலை சிமுலேஷனில் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இண்டக்‌ஷன் அடுப்பின் மேல் கண்ணாடியைக் கழற்றினால், கொசுவர்த்திச் சுருள் போல ஒரே தளத்தில் சுற்றிய செம்புக் காயில் தெரியும். இந்த வகைக் காயிலை மென்பொருளில் வரைவது எளிது. தப்பாக வரைவது அதைவிட எளிது. தப்பாக வரைந்தாலும் மென்பொருள் அழகான வண்ணப் படம் ஒன்றைக் கொடுத்துவிடும் என்பதுதான் ஆபத்து.

அதனால் மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். உள் ஆரம் 10 மி.மீ., வெளி ஆரம் 50 மி.மீ., 1.5 மி.மீ. கம்பியில் 20 சுற்று, 5 ஆம்பியர் நேர்மின்னோட்டம் என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளியில் காந்தப்புலம் [μ₀NI / (2(b−a))] × ln(b/a). இதில் a உள் ஆரம், b வெளி ஆரம், N சுற்றுகள், I மின்னோட்டம், μ₀ வெற்றிடத்தின் காந்த மாறிலி. கணக்குப் போட்டால் சுமார் 2.5 மில்லிடெஸ்லா. மின்தூண்டலுக்கு (இண்டக்டன்ஸ்) வீலர் சூத்திரம் இருக்கிறது: சராசரி ஆரத்தின் (r) வர்க்கத்தைச் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்கி, 8r+11w ஆல் வகுக்க வேண்டும். w என்பது சுருளின் அகலம், இங்கே 40 மி.மீ. விடை சுமார் 21 மைக்ரோஹென்றி. அந்தச் சூத்திரம் அங்குலத்தில் எழுதப்பட்டது. மில்லிமீட்டரைப் போட்டால் விடை 25 மடங்கு தவறும். இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் சிமுலேஷனில் இறங்காதீர்கள்.

அடுத்த தவறு, எடுத்தவுடன் முப்பரிமாணத்தில் உருண்டைக் கம்பியைச் சுருளாக வரைவது. மெஷ், அதாவது கணக்கிடுவதற்காக மாடலைப் பிரிக்கும் சின்னக் கூறுகள், லட்சக்கணக்கில் பெருகும்; கணினி திணறும். நம் காயிலில் ஒரு சுற்றுக்குக் கம்பி 2 மி.மீ. மட்டுமே வெளியே நகர்கிறது. மிக உள்ளே இருக்கும் சுற்றின் சுற்றளவே 69 மி.மீ. அந்தச் சாய்வு பொருட்டே இல்லை. எனவே 20 தனித்தனி வட்டங்களாக எண்ணி, அச்சுச் சமச்சீர் மாடலில் (பாதிக் குறுக்குவெட்டை மட்டும் வரைந்தால், அதை அச்சைச் சுற்றிச் சுழற்றியதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும்) போடுங்கள். எஃப்.இ.எம்.எம். என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும்.

முப்பரிமாணம் கட்டாயம் தேவைப்பட்டால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சுருளைக் கால்வாசியாக வெட்டக் கூடாது. வட்டத்துக்குத்தான் அந்தச் சமச்சீர் உண்டு, சுருளுக்கு இல்லை. உள்முனையை அந்தரத்தில் விடவும் கூடாது. மின்னோட்டம் உள்ளே போனால் வெளியே வர வழி வேண்டும். உள்முனையிலிருந்து சுருளைக் கடந்து வெளியே வரும் கம்பியையும் வரையுங்கள்.

நான் ஒரு முழு நாளைத் தொலைத்த இடம் இது. 20 சுற்றையும் தனித்தனியாக வரைந்து, சர்க்யூட்டைத் தொடர் என்று கொடுப்பதற்குப் பதில் இணை என்று கொடுத்துவிட்டேன். 5 ஆம்பியரும் 20 சுற்றுக்கும் பிரிந்து போனது. உள்சுற்றுகள் நீளம் குறைந்தவை, மின்தடையும் குறைவு. அதனால் அவை கூடுதலாக எடுத்துக்கொண்டன. நடுவில் கிடைத்தது 0.16 மில்லிடெஸ்லா. படமோ பார்க்கக் குறையே இல்லாமல் இருந்தது. தாளில் 2.5 என்று எழுதி வைத்திருந்ததால்தான் பிடிபட்டது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: 20 சுற்று என்று கொடுத்துவிட்டு, மின்னோட்டத்தையும் 100 ஆம்பியர் என்று கொடுப்பது.

மாறுமின்னோட்டம் என்றால் எஃப்.இ.எம்.எம். கேட்பது உச்ச மதிப்பு. மீட்டர் காட்டும் 5 ஆம்பியரை அப்படியே போடாமல் 7.07 என்று போடுங்கள்.

மென்பொருள் கணக்கிடும் பகுதியின் எல்லையைக் காயிலை ஒட்டி வரைவது மிகப் பரவலான தவறு. எல்லையில் காந்த வெக்டர் பொட்டென்ஷியலை (மென்பொருள் புலத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் அளவு) பூஜ்யம் என்று வைத்தால் காந்தக்கோடுகள் அதைத் தாண்டாது, பெட்டிக்குள் நெரியும்; மின்தூண்டல் உண்மையைவிடக் குறைவாக வரும். வெளி ஆரத்தைப் போல 5 மடங்காவது தள்ளி வையுங்கள், அல்லது மென்பொருளிலேயே உள்ள திறந்த எல்லை வசதியைப் பயன்படுத்துங்கள். பிறகு எல்லையை இரட்டிப்பாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விடை நகர்ந்தால் எல்லை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுப்புக் காயில் போல உயர் அதிர்வெண்ணில் கதையே வேறு. 50 ஹெர்ட்ஸில் செம்பின் தோல் ஆழம் (மாறுமின்னோட்டம் பெரும்பாலும் பாயும் மேற்பரப்பு அடுக்கின் தடிமன்) 9 மி.மீ.க்கு மேல்; நம் 1.5 மி.மீ. கம்பிக்குக் கவலையில்லை. 30 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 0.38 மி.மீ. மின்னோட்டம் கம்பியின் ஓரத்தில் ஒதுங்கும். அந்த மெல்லிய ஓரத்துக்குள் இரண்டு மூன்று மெஷ் கூறுகளாவது இல்லையென்றால், வரும் மின்தடை வெறும் ஊகம். சுருளில் இன்னொன்றும் சேர்கிறது: மற்றச் சுற்றுகளின் புலம் உள்சுற்றுகளை ஊடுருவி, அங்கே இழப்பைக் கூட்டுகிறது. இதைக் குறைக்கத்தான் அடுப்பில் நுண்ணிழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி. அதைத் திடக் கம்பியாக வரைந்தால் மின்தடை பன்மடங்கு கூடுதலாகத் தெரியும். ஒவ்வொரு இழையையும் வரையத் தேவையில்லை. இழைக் கற்றையாகக் கருதும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அடுப்புக் காயிலின் அடியில் உள்ள ஃபெரைட் (காந்தப் பீங்கான்) பட்டைகள் ஆரத் திசையில் தனித்தனியாக நிற்பவை. அச்சுச் சமச்சீர் மாடலில் அவை முழுத் தட்டாக மாறிவிடும், மின்தூண்டல் கூடுதலாக வரும். முப்பரிமாணம் உண்மையிலேயே தேவைப்படுவது இங்கேதான்.

கடைசியில் காயிலை நிஜமாகவே சுற்றி முடித்து, அதன் மின்தூண்டலை மீட்டரில் அளப்பீர்கள். மாடல் 21 என்று சொல்லி, மீட்டர் 21.5 காட்டினால் உடனே மாடலைத் திருத்தப் போகாதீர்கள். விலகிக் கிடக்கும் அரை மீட்டர் இணைப்புக் கம்பியே ஏறக்குறைய அரை மைக்ரோஹென்றி சேர்த்துவிடும். கம்பிகளைச் சுருக்கி, ஒன்றோடொன்று முறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள்.