முறுக்கு நமத்துப்போகும் ஊரில் நிலைமின்சாரம்

பலூனைத் தலையில் தேய்த்துச் சுவரில் ஒட்டவைக்கும் வித்தை பாடநூலில் தவறாமல் நடக்கும். கோலாலம்பூரில் காலை எட்டு மணிக்குச் செய்து பாருங்கள், பலூன் வழுக்கிக்கொண்டு தரைக்கு வரும். குற்றம் பலூனுடையது அல்ல. தட்டில் திறந்து வைத்த முறுக்கை ஒரே மாலையில் நமத்துப்போகச் செய்யும் அதே ஈரம், பலூன்மேலும் சுவர்மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிந்திருக்கிறது. தேய்த்துச் சேர்த்த மின்னூட்டம் அந்தப் படலம் வழியாக ஊர்ந்து கையில் இறங்கிவிடுகிறது. ‘ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்தும்’ என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. காற்று அப்படியொன்றும் கடத்துவதில்லை, ஒழுகுவது பொருளின் மேற்பரப்பில்தான். இந்த வேறுபாடு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: ஊர்க் காற்றை நம்மால் உலர்த்த முடியாது, நாம் தேய்க்கப்போகும் பிவிசி பிளாஸ்டிக் பைப்பின் தோலை உலர்த்த முடியும்.

கணக்கைப் பாருங்கள். 28 பாகை செல்சியசில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, ஹேர் டிரையரில் சூடாகி 45 பாகையைத் தொடும்போது அதே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 31 விழுக்காடாகக் குறைந்துவிடும். நீராவி எங்கும் போகவில்லை, சூடான காற்று அதைவிட மூன்று மடங்கு நீராவியைத் தாங்கக்கூடியது, அவ்வளவே. சூடான பைப்பின் மேற்பரப்பை ஒட்டிய காற்றுக்கும் இதே நிலைதான். அது ஆறும்வரை உங்களுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

ஏர்கோன் அறை இருந்தால் இன்னும் நல்லது. கதவு சன்னல்களை மூடி, நீர்த்துளிக் குறி போட்ட ‘டிரை’ நிலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். மலிவு விலை ஈரப்பதமானி ஒன்றை மேசைமேல் வையுங்கள். 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் எல்லாச் சோதனையும் நடக்கும். 60 என்றால் பிவிசியும் ஃபோமும் ஒத்துழைக்கும், பலூன் சண்டித்தனம் செய்யும். 70ஐத் தாண்டினால் கீழே சொல்லும் ஒட்டுநாடாச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். முப்பது பிள்ளைகளை அடைத்த வகுப்பறையில் அவர்கள் மூச்சே எண்ணிக்கையை ஏற்றிவிடும் என்பதால் முதல் கால் மணி நேரத்திலேயே செய்து காட்டிவிடுங்கள். குளிர்ந்த அறையில் இருந்த பைப்பை வெளி வராந்தாவுக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். தே ஐஸ் குவளை வியர்ப்பதுபோல் அதுவும் வியர்க்கும்.

ஏர்கோன் இல்லாத வீட்டில் நேரம் பார்த்துச் செய்யுங்கள். விடியற்காலையில்தான் ஈரப்பதம் உச்சம், வெயில் ஏறிய பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் தாழ்வு. பினாங்கில் சனவரி, பிப்ரவரிப் பிற்பகல்கள் ஆண்டிலேயே தோதானவை. ஆனால் பினாங்கில் கடலோர வீடுகளுக்கு ஒரு தொல்லை கூடுதல். சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல்காற்றில் வந்து படிந்த உப்பு பைப்மேல் இருந்தால் அது மின்னூட்டத்துக்குப் போட்ட பாதைதான். அங்கே உலர்த்துவதற்கு முன் கழுவுவது கட்டாயம்.

பொருள்கள்

ஹார்ட்வேர் கடையில் மின்கம்பி ஓட்டும் வெள்ளைப் பிவிசி பைப், 20 மில்லிமீட்டர் விட்டத்தில், ஒரு மீட்டர் போதும். பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, சோப்பு துளியும் தங்காமல் அலசி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, டிரையரால் காயவைக்கவும். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே ஈரத்தை இழுக்கும்.

தேய்க்க எது? நூல்களில் கம்பளி என்று இருக்கும். இந்த ஊரில் கம்பளிக்கு எங்கே போவது? பண்டல் கடையில் பழைய கம்பளிச் சட்டை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் காய்ந்த டிஷ்யூ தாளே போதும். துணி எடுப்பதானால் சாஃப்ட்னர் போட்டுத் துவைத்த துணி ஆகாது. அந்தச் சாஃப்ட்னரின் வேலையே நிலைமின்சாரத்தை ஒழிப்பதுதான். தலைமுடியில் தேய்ப்பதானால் அன்று தேங்காய் எண்ணெய் வைக்காத தலை வேண்டும். எண்ணெய் பைப்பில் ஏறிவிட்டால் மறுபடியும் சோப்பிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மற்றவை: டிவி, ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிக்குள் வரும் வெள்ளை ஃபோம் பலகை, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் சதுரம்; கேக் கடைக்குப் பொருள் விற்கும் இடத்தில் கிடைக்கும் 20 சென்டிமீட்டர் வட்ட அலுமினியத் தட்டு; ஒரு பிளாஸ்டிக் குவளை; ஒட்டுநாடா; நியான் விளக்கு வைத்த டெஸ்ட் பேனா. பேட்டரியும் எல்இடியும் போட்ட டெஸ்ட் பேனா இதற்கு உதவாது.

ஒட்டுநாடா: எந்த ஈரத்திலும் நடப்பது

இதை முதலில் செய்யுங்கள், ஏனென்றால் மற்றவற்றைச் சோதிக்கும் கருவியே இதுதான். மேசையில் ஒரு நாடாவை நீளமாக ஒட்டுங்கள். அதன்மேல் 12 சென்டிமீட்டர் நாடா இரண்டு, அடுத்தடுத்து. ஒவ்வொன்றின் நுனியையும் பிடிக்க வசதியாகச் சிறிது மடித்துவிடுங்கள். இரண்டையும் வெடுக்கென்று உரித்துத் தொங்கவிட்டு அருகில் கொண்டுவாருங்கள், விலகிப் போகும். இரண்டும் ஒரே வகை மின்னூட்டம்.

அடுத்து, ஒன்றை மற்றொன்றின் முதுகில் ஒட்டி, இரண்டையும் சேர்த்தே அடிநாடாவிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். வழவழப்பான பக்கத்தை விரலால் ஒருமுறை நீவிவிட்டு, பிறகு இரண்டையும் பிரியுங்கள். இப்போது ஒன்றையொன்று இழுக்கும். ஒன்று நேர், மற்றது எதிர். எது எது என்று தெரிந்துகொள்ள, டிஷ்யூவால் தேய்த்த பிவிசி பைப்பை நீட்டுங்கள். பைப் எதிர் மின்னூட்டம் பெற்றிருக்கும், அதைக் கண்டு விலகும் நாடா எதிர்.

இழுப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மின்னூட்டமே இல்லாத உங்கள் கையும் இரண்டு நாடாவையும் இழுக்கும். தள்ளுவது ஒன்றே சாட்சி.

இது ஈரத்திலும் நடப்பதற்குக் காரணம், ஒட்டியிருக்கும்வரை அந்தப் பரப்பைக் காற்று தொடுவதில்லை. உரிக்கும் கணத்தில்தான் புத்தம்புதிதாக வெளியே வருகிறது, ஈரம் படிய இன்னும் நேரமாகும். உரிக்கும் இடத்தில் மின்னூட்டம் எவ்வளவு அடர்த்தியாகப் பிரிகிறது என்றால், 2008இல் வெற்றிடத்தில் நாடாவை உரித்த ஆய்வாளர்கள் எக்ஸ் கதிரையே பதிவு செய்தார்கள். வீட்டில் காற்று இருப்பதால் அந்தக் கவலை இல்லை. நல்ல இருட்டில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டு உரித்தால், சில வகை நாடாக்களில் பிரியும் கோட்டில் மங்கிய நீல ஒளி தெரியும்.

தட்டிலிருந்து பொறி

1762இல் சுவீடனின் யோகான் வில்க்கே செய்து, 1775இல் இத்தாலியின் வோல்ட்டா பரவலாக்கிய கருவி இது. ஒரு தடவை தேய்த்தால் பத்துப் பதினைந்து பொறி எடுக்கலாம்.

குவளையைக் கவிழ்த்து, தட்டின் உட்புற நடுவில் இரட்டைப்பக்க நாடாவால் ஒட்டினால் பிடி தயார். தட்டின் விளிம்பில் கூர்மையோ கசங்கலோ இருந்தால் கரண்டியின் முதுகால் நீவி வட்டமாக்குங்கள். கூர்முனை இருந்தால் மின்னூட்டம் சத்தமில்லாமல் காற்றில் கசிந்துவிடும். பொறி வராமல் போவதற்கு ஈரத்துக்கு அடுத்த காரணம் இதுதான்.

ஃபோமை டிரையரால் இளஞ்சூடாக்குங்கள். அதிகம் காட்டினால் உருகிக் குழி விழும், ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவும். டிஷ்யூவால் இருபது முப்பது இழுப்பு அழுத்தித் தேய்க்கவும். குவளையைப் பிடித்துத் தட்டை ஃபோம்மேல் வைக்கவும். தட்டை விரலால் ஒருமுறை தொடவும், ‘டிக்’ என்று சிறு சத்தம் கேட்கும். விரலை எடுத்துவிட்டு, குவளையை மட்டும் பிடித்துத் தட்டை உயரத் தூக்கவும். இப்போது விரல் முட்டியை அருகில் கொண்டுபோனால் அரை சென்டிமீட்டர் பொறி தாவும்.

நடுவில் தொடுவதை மறந்தால் ஒன்றும் வராது. ஃபோமின் எதிர் மின்னூட்டம் தட்டிலுள்ள எலக்ட்ரான்களை மேற்பக்கம் தள்ளி வைத்திருக்கிறது. விரல் வைத்தால் அவை உங்கள் உடம்புக்குள் ஓடிவிடும், தட்டு நேர் மின்னூட்டத்தோடு மிஞ்சும். ஃபோமிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, அதனால்தான் மறுபடி மறுபடி செய்ய முடிகிறது. பொறிக்கான ஆற்றல், ஒன்றையொன்று இழுக்கும் இரண்டைப் பிரித்துத் தூக்கும் உங்கள் கையிலிருந்து வருகிறது.

அரை சென்டிமீட்டர் பொறி என்றால் ஏறத்தாழ 15,000 வோல்ட். காற்றில் ஒரு மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் என்பது கணக்கு. பயப்பட வேண்டாம். இந்த அளவுத் தட்டில் தேங்கும் ஆற்றல் ஒரு மில்லிஜூலைக்கூட எட்டாது, ஊசி குத்தியதுபோல் இருக்கும். ஆனால் பொறி பெரிதாகட்டும் என்று பிளாஸ்டிக் வாளிக்கு உள்ளும் வெளியும் அலுமினியத் தாள் சுற்றி மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் வேலை வேண்டாம். வோல்ட் அதேதான், தேங்கும் ஆற்றல் பல மடங்கு, அடி வேறு மாதிரி இருக்கும். இதயமுடுக்கியோ காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவியோ வைத்திருப்பவர் இந்தச் சோதனைக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

விரலுக்குப் பதில் டெஸ்ட் பேனாவைப் பயன்படுத்தினால் இன்னொன்று தெரியும், எங்கள் கணக்கில் இந்தக் கட்டுரையிலேயே பார்க்க வேண்டிய காட்சி அதுதான். விளக்கை அணையுங்கள். பேனாவின் தலையிலுள்ள உலோகத்தில் விரலை வைத்து, நுனியால் தட்டைத் தொடுங்கள். நியான் குமிழுக்குள் இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கும், எதிர் மின்னூட்டப் பக்கத்துக் கம்பியைச் சுற்றி மட்டும்தான் செம்மஞ்சள் ஒளி வரும். தட்டு ஃபோம்மேல் இருக்கும்போது தொட்டால் நுனிப்பக்கக் கம்பி மின்னும். தூக்கிய பிறகு தொட்டால் விரல்பக்கக் கம்பி. எலக்ட்ரான்கள் முதலில் போன திசையும் பிறகு திரும்பி வந்த திசையும் கண்ணெதிரே தெரிகிறது. இமைக்கும் நேரம்தான், குமிழைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிதக்கும் வளையம்

பேரங்காடியில் காய்கறி போடச் சுருளிலிருந்து கிழித்துத் தரும் மெல்லிய பையின் வாய்ப்பக்கத்தை இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். மேசைமேல் வைத்து டிஷ்யூவால் பத்து முறை தேய்க்கவும். பைப்பையும் தேய்க்கவும். வளையத்தை மேலே வீசி, அடியில் பைப்பைப் பிடித்தால் அந்தரத்தில் நிற்கும். விசிறியை நிறுத்த மறக்கவேண்டாம், இங்கே பலரும் தோற்பது அதனால்தான். வளையம் கையைவிட்டு வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டால், மேசை விளிம்பிலிருந்து நேராகப் பைப்பை நோக்கித் தட்டிவிடுங்கள். தடித்த பை மிதக்காது.

குழாய் நீரை வளைப்பது

குழாயை, நீர் அறுபடாமல் விழும் மிக மெல்லிய இழையாகத் திருகி, தேய்த்த பைப்பை ஒரு சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோனால் நீர் வளையும். பைப் நனைந்தால் மறுபடி கழுவித் துடைக்க வேண்டும். ‘நீர் மூலக்கூறுக்கு இரு முனை உண்டு, அதனால் வளைகிறது’ என்று எழுதிவைத்திருப்பதை அப்படியே சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த விசை இவ்வளவு வளைக்கப் போதாது. குழாய் வழியாக நிலத்தோடு தொடர்புள்ள நீரில், பைப்பிலுள்ளதற்கு மாறான நேர் மின்னூட்டம் தூண்டப்பட்டு இழையின் கீழ்முனைக்கு இறங்கி வருகிறது, துளியாகப் பிரியும்போது அந்த மின்னூட்டமும் துளியோடு போகிறது. பைப்பை இழை துளியாக உடையும் இடத்துக்குக் கீழிறக்கிப் பாருங்கள், சில துளிகள் பாதை மாறிப் பைப்பிலேயே வந்து மோதும்.

வீட்டுக்கு வெளியே

கணினியைத் திறந்து மெமரி மாற்றும் வேலை இருந்தால் இந்தச் சோதனைகள் நடந்த மேசையில் செய்ய வேண்டாம். 3,000 வோல்ட் அளவுக்குக் குறைந்த பொறியை நம் விரல் உணராது, ஆனால் சில சில்லுகள் கெட்டுப்போகச் சில நூறு வோல்ட்டே போதும். பெட்ரோல் நிரப்பும்போது காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தால், குழல்முனையைத் தொடுமுன் கொஞ்சம் தள்ளியுள்ள வேறு உலோகத்தைத் தொடுங்கள். இருக்கையில் உரசிச் சேர்ந்த மின்னூட்டம் பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில் இறங்கட்டும்.

பக்கத்துத் தாமான் விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் சறுக்குமரம் இருக்கிறதா? மழை பெய்யாத நாளில், நாலு மணி வெயிலில் காய்ந்தபின் போங்கள். டிரையர் செய்த வேலையை வெயில் செய்து வைத்திருக்கும். ரப்பர்ச் செருப்போடு சறுக்கி வரும் பிள்ளையின் முடி குத்திட்டு நிற்கும். இறங்கியதும் ஓரத்து இரும்புப் போல்ட்டை விரல் நுனியால் தொட்டால் சுருக்கென்று குத்தும். உள்ளங்கையை விரித்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், அவ்வளவாகக் குத்தாது.