நேர்மறை உளவியல்: நாம் எங்கே தவறு செய்கிறோம்?

எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பதுதான் நேர்மறை உளவியல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தபோது கேட்டது வேறு: மனநோயை இவ்வளவு ஆராய்கிறோமே, மனிதர்கள் நன்றாக வாழ்வது எதனால் என்று ஏன் ஆராயவில்லை? கவலையை மூடி மறைப்பதற்கு அதில் இடமே இல்லை.

ஆனால் வேலையிடத்தில் பெரும்பாலும் அதற்குத்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, பாலத்து நெரிசலில் ஊர்ந்து, அக்கரையில் பிறை ஊரில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேருகிறவரிடம் போய் 'நன்றி சொல்ல வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்' என்றால் கோபம்தான் வரும், அது நியாயமான கோபம். அவருக்கு முதலில் தூக்கம் வேண்டும். ஆள் பற்றாக்குறை, ஓயாத ஓ.டி. (கூடுதல் நேர வேலை), எல்லார் முன்னாலும் கத்தும் சூப்பர்வைசர், இதையெல்லாம் எந்த மனப்பயிற்சியும் சரிசெய்யாது. நம் மலேசிய வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்த சாதாரண வேலை நேர வரம்பு 2023 ஜனவரியிலிருந்து 45 ஆகிவிட்டது. சம்பளச் சீட்டை எடுத்து ஓ.டி. கணக்கைப் பாருங்கள், எச்.ஆரிடம் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். உரிமையைக் கேட்பவரை 'நெகட்டிவ்' என்று முத்திரை குத்தும் மேனேஜர்கள் இந்தத் துறையையே கொச்சைப்படுத்துகிறார்கள்.

சரி, பயிற்சிகளுக்கு வருவோம். செலிக்மனும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய பயிற்சி இருந்தது: ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுத வேண்டும். அந்த 'ஏன்' என்பதை நாம் விட்டுவிடுகிறோம். குடும்பம், ஆரோக்கியம், வேலை என்று தினமும் அதையே எழுதினால் மூன்றாவது நாளே மனம் அதில் இருக்காது. 'என் மெஷின் நின்றபோது பக்கத்து லைன் அக்கா கூப்பிடாமலேயே வந்து உதவினார், போன வாரம் அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் ஷிப்ட் மாற்றிக்கொடுத்தது அவருக்கு நினைவிருக்கிறது' என்று எழுதிப் பாருங்கள். உங்களைச் சுற்றி யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் யார் என்பது தெரிய ஆரம்பிக்கும். அப்புறம், இதை வருடம் முழுக்கக் கடமையாக இழுக்கவும் வேண்டாம். உளவியலாளர் சோன்யா லியுபொமிர்ஸ்கி செய்த ஓர் ஆய்வில், நன்றி சொல்ல வேண்டியவற்றை வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் கிடைத்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கண்ணாடி முன் நின்று 'நான் சிறந்தவன்' என்று சொல்லிக்கொள்வதும் எல்லாருக்கும் ஒத்துவராது. கனடாவில் உளவியலாளர் ஜோன் வுட் குழுவினர் 2009-இல் கண்டது இது: தன்மதிப்பு குறைவாக இருப்பவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். நம்பாத ஒன்றைச் சொன்னால் மனம் எதிர்வாதம் செய்யும். செய்து முடித்த ஒரு சின்ன வேலையைச் சொல்லிக்கொள்வது மேல்.

ஒரு கெட்ட உணர்வுக்கு மூன்று நல்ல உணர்வு வேண்டும் என்று பயிற்சிப் பட்டறைகளில் ஒரு கணக்கு காட்டுவார்கள். அதற்கு அடிப்படையான 2005-ஆம் ஆண்டுக் கட்டுரையின் கணிதம் தவறு என்று 2013-இலேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள். உணர்வுகளுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, மனச்சோர்வு நோய்க்கு இவற்றை மருந்தாக நினைப்பது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் போய்விட்டது என்றால் நோட்டை மூடிவைத்துவிட்டு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் (HEAL) 15555-க்கும் அழைக்கலாம். சோர்ந்திருப்பவர் தனியாகப் போகத் தயங்குகிறார் என்றால், வீட்டில் இருப்பவர்கள் அறிவுரையை விட்டுவிட்டுக் கூடவே போங்கள்.