கேலரியில் உட்கார்ந்து டிவியைத் தேடாதீர்கள்: கார்ப் பந்தய ரசிகர்கள் செய்யும் தவறுகள்

2013 மார்ச்சில் மலேசியாவின் செபாங் தடத்தில், கார்கள் டயர் மாற்ற ஒதுங்கும் பிட் பகுதிக்கு நேர் எதிரே உள்ள பிரதான கேலரியில் உட்கார்ந்திருந்தேன். நான் நேரில் பார்த்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் அது. 46ஆவது சுற்றில் ரெட்புல் அணியின் இரண்டு கார்களும் ஒட்டிக்கொண்டு நேர்ப்பாதைக்குள் நுழைந்தன. முன்னால் போன மார்க் வெப்பர், உள்பக்கமாக முந்தப் பார்த்த செபாஸ்டியன் வெட்டலை பிட் சுவரை நோக்கி நெருக்கினார். கேலரி முழுவதும் எழுந்து நின்று கத்தியது. நானும் தொண்டை வற்றக் கத்தினேன். ஒரே அணிக்குள் இப்படி ஒரு போட்டியா என்று பூரித்துப்போனேன்.

இரவு விடுதிக்குத் திரும்பி வீட்டுக்குப் பேசியபோதுதான் தம்பி விஷயத்தைச் சொன்னான். இடம் மாறாமல் ஓட்டி முடியுங்கள் என்று அணி இருவருக்கும் சொல்லியிருந்ததாம். வெட்டல் அதை மீறிவிட்டாராம். அணித் தலைவர் ரேடியோவில் அவரைக் கடிந்துகொண்டது டிவியில் கேட்டதாம். பந்தயம் முடிந்து பரிசு மேடைக்குப் போகும் முன் வெப்பர் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். சென்னையில் சோபாவில் சாய்ந்திருந்தவனுக்கு முழுக்கதையும் தெரிந்திருந்தது. காசு செலவழித்துக் கடல் கடந்து போனவன் ஒரு துரோகத்துக்குக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்காக நான் ஏமாந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். யார் எங்கே இருக்கிறார், ஏன் இருக்கிறார் என்பதை டிவி காட்டும். அந்த கார் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அதனால் காட்டவே முடியாது. தடத்தில் நிலைமை அப்படியே தலைகீழ். ஒன்றிடம் மற்றதைக் கேட்பதிலிருந்துதான் ரசிகர்களின் பெரும்பாலான தவறுகள் கிளம்புகின்றன. என் தவறுகளும் அப்படித்தான்.

தடத்தில் உட்கார்ந்து முழுப் பந்தயத்தையும் பார்க்க நினைப்பது

ஒரு சின்னக் கணக்கு. செபாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். ஒரு கேலரியிலிருந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது 250 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்தத் தூரத்தை மூன்று விநாடிகளில் கடந்துவிடும். மொத்தம் 56 சுற்றுகள். ஆக, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடக்கும் பந்தயத்தில் உங்களுக்குப் பிடித்த ஓட்டுநரை நீங்கள் பார்ப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் அவர் எங்கோ மறைந்திருக்கிறார். பிட் ஸ்டாப்புகள் தொடங்கி வரிசை கலைந்துவிட்டால் யார் முதலிடம், யார் ஒரு சுற்று பின்தங்கியவர் என்பதே பிடிபடாது.

இதற்காக எதிரே உள்ள பெரிய திரையையே முறைத்துக்கொண்டிருப்பார்கள் பலர். அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். போகும் முன் அன்று கார்கள் கிளம்பும் வரிசையை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நேரடி நேர விவரம் தரும் செயலியை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேர் கூடும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை அலைபேசிச் சமிக்ஞை படுத்துவிடும் என்பதால் அந்தத் தாள்தான் கடைசிவரை கைகொடுக்கும்.

கார்களை அடையாளம் காண இரண்டு குறிப்புகள் போதும். ஒரே அணியின் இரண்டு கார்களும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் உயரத்தில் நிற்கும் கேமராப் பெட்டியைப் பாருங்கள். ஒரு காரில் அது கறுப்பாகவும் மற்றதில் பளிச்சென்ற மஞ்சளாகவும் இருக்கும். அடுத்தது டயரின் பக்கவாட்டு நிறம். சிவப்பு மென்மையானது, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினமானது. மழை பெய்தால் பச்சையும் நீலமும் வரும். காய்ந்த தடத்தில் குறைந்தது இரண்டு வகை டயர்களையாவது பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அந்த நிறம் தெரிந்தால் யார் இன்னும் பிட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதை நீங்களே கணித்துவிடலாம். பக்கத்து இருக்கைக்காரர் உங்களை ஏதோ பொறியாளர் என்று நினைத்துக்கொள்வார். அந்தச் சந்தோஷம் தனி.

விலை அதிகமான இடமே நல்ல இடம் என்று நம்புவது

நான் அப்படித்தான் ஏமாந்தேன். நேர்ப்பாதையில் கார்கள் ஒரு கோடாகப் போகும். தலையை இடமிருந்து வலம் திருப்புவதற்குள் போய்விடும். நாலு சுற்றில் கழுத்து வலிக்கும். ஓட்டுநர்களின் திறமை தெரிவது வளைவுகளில்தான். அதுவும் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வரும் கொண்டை ஊசி வளைவு கிடைத்தால் விடாதீர்கள். பிரேக் பிடிக்கும் இடம், முந்தும் முயற்சி, பிரேக் அழுத்தத்தில் டயர் சுழலாமல் பூட்டிக்கொண்டு கிளம்பும் புகை எல்லாம் அங்கே நடக்கும். கார் மெதுவாக வருவதால் கண்ணுக்கும் எட்டும்.

பிரதான கேலரிக்காக ஒரு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். அதே பந்தயத்தில் லூயிஸ் ஹாமில்டன் டயர் மாற்ற உள்ளே வந்தவர், தன் புதிய அணியான மெர்சிடிஸை விட்டுவிட்டுப் பழைய அணி மெக்லாரனின் இடத்தில் போய் நின்றார். வேலை மாறியவன் பழக்கதோஷத்தில் பழைய அலுவலக வாசலில் வண்டியை நிறுத்துவதுபோல. மெக்லாரன் ஆட்கள் கையை ஆட்டி அனுப்பிவைத்ததை எதிரே உட்கார்ந்து பார்த்தோம். பிட் வேலைகளில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு அந்த இடம் வீண் இல்லை.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே தடம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நான்காம் மண்டலத்தில் நடந்து பார்க்கும் டிக்கெட்டை வாங்கிவிட்டு, முதல் மண்டலத்தின் வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. எந்த மண்டலம், எந்த வாசல், எந்த ரயில் நிலையம் என்று பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

ஞாயிறு மட்டும் போவது

வெள்ளிக்கிழமைப் பயிற்சிச் சுற்றுகளுக்குக் கூட்டம் குறைவு. பொதுவாக நடந்து திரிந்து நாலைந்து வளைவுகளில் நின்று பார்க்க வாய்ப்புக் கிடைப்பது அன்றுதான். யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் சனிக்கிழமை தகுதிச் சுற்றில் ஒவ்வொரு காரும் முழு வேகத்தைக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை டயரையும் எரிபொருளையும் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். வேகத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சனிக்கிழமையை விடுவது பெரிய நஷ்டம்.

உடம்பு என்ற ஒன்று இருப்பதை மறப்பது

2009 மலேசியப் பந்தயம் ஐரோப்பிய டிவி நேயர்களின் வசதிக்காக உள்ளூர் நேரப்படி மாலை 5 மணிக்குத் தொடங்கியது. அந்தப் பகுதியில் மாலை மழை எப்படி வரும் என்று அங்குள்ள சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வந்தது. பந்தயம் நிறுத்தப்பட்டது. இருட்டிவிட்டதால் மறுபடி தொடங்கவே இல்லை. 31 சுற்றுகளின் நிலையை வைத்து ஜென்சன் பட்டன் வென்றதாக அறிவித்து, பாதிப் புள்ளிகள் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் கிமி ரைக்கோனன் உடை மாற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டதை உலகமே டிவியில் பார்த்துச் சிரித்தது. கேலரியில் இருந்தவர்கள் பார்த்தது மழையை மட்டும். 2021இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் இதைவிடக் கொடுமை. மணிக்கணக்கில் நனைந்தவர்களுக்குக் கிடைத்தது மெதுவாக வழிநடத்தும் சேஃப்டி காருக்குப் பின்னால் சில சுற்று ஊர்வலம்.

எனவே மழைச் சட்டை கட்டாயம். குடை பின்னால் இருப்பவரின் பந்தயத்தையும் சேர்த்துக் கெடுக்கும். காதடைப்பான் இன்னும் முக்கியம். 2014இல் 1.6 லிட்டர் வி6 டர்போ என்ஜின்கள் வந்த பிறகு எஃப் 1 கார்களின் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அதே நாளில் ஓடும் துணைப் பந்தயங்களின் கார்கள் அவ்வளவு பணிவானவை அல்ல. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் காதை முழுக்க மூடும் கவசம் வாங்கிக்கொள்ளுங்கள். கையால் காதைப் பொத்திக்கொண்டு ஒரு பிள்ளை மூன்று மணி நேரம் உட்கார முடியாது.

படமெடுத்துக்கொண்டே இருப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயம் போன்ற சாலைத் தடங்களில் உங்களுக்கும் காருக்கும் நடுவே வலைவேலி நிற்கும். போனில் விழுவது கம்பிதான்.

நிற்கக் கூடாத இடத்தில் நிற்பது

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 2024 ஏப்ரலில் இலங்கையின் தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். மண்தடமோ ராலியோ எதுவானாலும், வளைவின் வெளிப்பக்கம் கட்டுப்பாட்டை இழந்த கார் வந்து சேரும் இடம் என்பதை மனத்தில் வையுங்கள். ‘எல்லோரும் அங்கேதானே நிற்கிறார்கள்’ என்பது காரணமாகாது. உயரமான மேட்டில், தடுப்புக்குப் பின்னால் நின்று பாருங்கள். காவலர் விசில் ஊதினால் முறைக்காமல் நகருங்கள்.

முதல் பந்தயமே வெளிநாட்டில் என்று பிடிவாதம் பிடிப்பது

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் 1990 முதல் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயம் பார்த்த தலைமுறை இன்றும் அதைப் பற்றிக் கண்கள் விரியப் பேசும். கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2005இல் இந்தியாவின் முதல் எஃப் 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். 2010இல் அவரைத் தொடர்ந்த கருண் சந்தோக் சென்னைக்காரர். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் முதலில் போனது கோலாலம்பூருக்கு. தேசியப் போட்டி நடக்கும் ஒரு வார இறுதியில் இருங்காட்டுக்கோட்டை போயிருந்தால், பைக்கும் காருமாக மாறி மாறி ஓடுவதைப் பார்த்து வளைவு, பிரேக், கொடி எல்லாம் பழகியிருக்கும். செபாங்கில் தவறான கேலரியை எடுத்திருக்கவும் மாட்டேன்.

டிவியில் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு, கேமரா காட்டும் வேகத்தை நம்புவது. தொலைவிலிருந்து பெரிய லென்ஸில் எடுக்கும்போது தூரம் சுருங்கி, கார் நிதானமாக மிதந்து வருவதுபோலத் தெரியும். மேடு பள்ளங்களும் தட்டையாகிவிடும். ஸ்பாவின் புகழ்பெற்ற ஓ ரூஜ் ஏற்றம் ஏறத்தாழ 40 மீட்டர் உயரம், பத்து மாடிக்கு மேல். டிவியில் அது ஏதோ பாலத்தின் மீது ஏறுவதுபோல இருக்கும். வேகத்தை டிவியில் ஓரளவு உணர வேண்டும் என்றால் ஓட்டுநரின் தலைக்கு அருகே உள்ள கேமராவின் காட்சி வரும்போது கூர்ந்து பாருங்கள். ஸ்டியரிங்கில் கைகள் ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பது தெரியும்.

அடுத்தது, படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓரத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்க்காமல் இருப்பது. உண்மையான பந்தயம் பாதி நேரம் அங்கேதான் நடக்கிறது. இருவருக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒவ்வொரு சுற்றிலும் அரை விநாடி குறைந்துகொண்டே வந்தால், பத்து சுற்றில் ஒரு சண்டை வரப்போகிறது என்று பொருள். தகுதிச் சுற்றில் ஊதா நிறம் இதுவரை யாரும் எடுக்காத வேகம், பச்சை அந்த ஓட்டுநரின் சொந்தச் சிறப்பு, மஞ்சள் இரண்டும் இல்லை. இந்தப் பட்டியலைப் படிக்கத் தெரியாதவர்கள்தான் பந்தயத்தின் பதினைந்தாவது சுற்றில் ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று சேனலை மாற்றுகிறார்கள். சரியாக அப்போதுதான் முதல் பிட் ஸ்டாப்புகள் தொடங்கும்.

நேரத்தைக் கோட்டைவிடுவதும் உண்டு. இந்திய நேரப்படி கோடைக்கால ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் மாலை 6:30க்கு. சிங்கப்பூர் 5:30. ஆஸ்திரேலியா காலை 9:30 வாக்கில். அமெரிக்காவின் ஆஸ்டின் நள்ளிரவு தாண்டி 12:30, அதாவது தேதி திங்களாகிவிடும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு டிவி முன் காத்திருந்து தூங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

இணையத்தில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஒளிபரப்பு உண்மை நேரத்துக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பிந்தி வரக்கூடும். போனில் அறிவிப்பு முந்திக்கொண்டு வந்து நிற்கும். பந்தயம் முடியும்வரை அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். நண்பர்கள் குழுவிலிருந்து தற்காலிகமாக விலகினாலும் தப்பில்லை, முக்கியமாக என் தம்பி இருக்கும் குழுவிலிருந்து.

ஊர் திரும்பிய பிறகு பதிவைப் பார்க்காமல் விடுவது

நேரில் பார்த்தாயிற்றே என்று பலரும் இதைச் செய்வதில்லை. நான் திரும்பி வந்த வாரம் தம்பி வீட்டில் உட்கார்ந்து செபாங் பந்தயத்தை முதலிலிருந்து பார்த்தேன். முதல் சுற்றில் முன் இறக்கை உடைந்த பெர்னாண்டோ அலோன்ஸோ அடுத்த சுற்றிலேயே வெளியேறியது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அன்று அவர் காணாமல் போனவர், அவ்வளவுதான். 46ஆவது சுற்று வந்தது. வெப்பர் நெருக்கினார், வெட்டல் சுவரை ஒட்டி நுழைந்தார். திரையில் அது கொஞ்சம் நெருக்கமான ஓட்டம் என்ற அளவில் கடந்துபோனது. ‘இதற்கா அப்படிக் கத்தினாய்?’ என்றான் தம்பி. ஒலியைக் கூட்டிக் கேட்டேன். வர்ணனையாளரின் குரல் இருந்தது, என்ஜின் சத்தம் இருந்தது, ரேடியோவில் அணித் தலைவரின் கோபம் இருந்தது. எங்கள் கேலரி போட்ட கூச்சல் எங்கேயும் இல்லை.