வாசலில் படுக்கும் நாய்க்கு மழைக்கால வீடு: ஒரு டிரம், நாலு கீற்று, ஒரு கட்டு வைக்கோல்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் குளிர் என்றால் மார்கழி விடியலில் 20 டிகிரி வரை இறங்கும். அந்தக் குளிரை மட்டும் வளர்ந்த நாட்டு நாய் தாங்கிவிடும். அதைப் படுத்துவது ஈரம்தான். நாட்டு நாய்க்கு முடி குட்டை. முடிக்கு இடையில் நிற்கும் காற்றுதான் அதற்குப் போர்வை. நனைந்ததும் அந்தக் காற்று போய்விடுகிறது. மேலே வாடைக்காற்றும் அடித்தால் 24 டிகிரியிலேயே நாய் நடுங்கும். அதனால் சூடு காட்டுவதைப் பற்றி யோசிக்காதீர்கள். மேலே நனையாமல், கீழே ஈரம் ஏறாமல், உடம்புக்கு ஒட்டினாற்போல ஓர் இடம் கொடுத்தால் போதும். மிச்சச் சூட்டை நாயின் உடம்பே உண்டாக்கிக்கொள்ளும்.

இந்த வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய்ந்த வைக்கோல் கிடைக்காது.

டிரம் வாங்கும்போது

200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் வேண்டும். மூடி முழுசாகக் கழலும் வகை வேண்டாம். இரண்டு பக்கமும் அடைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு சின்ன திருகுமூடிகள் இருக்கும் வகை. குறுக்களவு சுமார் 23 அங்குலம், நீளம் 3 அடி இருக்கும். 20 கிலோ வரை உள்ள நாட்டு நாய்க்கு இது சரியான அளவு. ராஜபாளையம், லேப்ரடார் போன்ற பெரிய நாய்க்குப் பத்தாது.

பழைய டிரம் விற்கும் கடைகளில் ரசாயனம் வந்த டிரம்தான் அதிகம் கிடக்கும். கழுவினால் போய்விடும் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். நாய் படுத்த இடத்தை நக்கும், விளிம்பைக் கடிக்கும். சமையல் எண்ணெய், சர்க்கரைப் பாகு போன்ற உணவுப்பொருள் வந்த டிரமாகக் கேட்டு வாங்குங்கள். சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். அதன் பிறகும் மூக்கை உறுத்தினால் அந்த டிரம் வேண்டாம்.

வாசல் வெட்டுவது

திருகுமூடி இல்லாத பக்கத்தில்தான் வாசல். டிரம்மைப் படுக்கப்போட்டு, பின்பக்க மூடிகள் இரண்டும் மேலும் கீழுமாக வரும்படி உருட்டி நிறுத்துங்கள். அந்த நிலையில் முன்பக்கத்தில் அடியிலிருந்து 5 அங்குலம் விட்டு, 12 அங்குல அகலம், 14 அங்குல உயரத்துக்கு, மூலை வளைந்த கட்டம் வரையுங்கள். அடியில் விட்ட 5 அங்குலம் முக்கியம். அது இல்லாவிட்டால் வைக்கோல் இரண்டே நாளில் வெளியே வந்துவிடும், சாரலும் நேராக உள்ளே போகும். வாசலைப் பெரிதாக வெட்ட ஆசை வரும், வெட்டாதீர்கள். நாய் தலையைத் தாழ்த்தி நுழைந்துகொள்ளும், உள்ளிருக்கும் வெப்பம்தான் பெரிய வாசலில் நிற்காது.

கோட்டின் மேல் 10 மி.மீ. துளை ஒன்று போட்டு, அதில் ரம்பத் தகட்டை விட்டு அறுங்கள். அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, நாலரை அடி தோட்ட ஓஸை நீளவாக்கில் கீறி விளிம்பு முழுக்க மாட்டி, ஒரு சாணுக்கு ஒரு துளை போட்டு நைலான் கயிற்றால் கட்டுங்கள். நாயின் வயிறு ஒவ்வொரு முறையும் உரசிப் போகும் இடம் இது.

வாசலுக்கு மேலே 12 மி.மீ. துளை நாலு, மூச்சின் ஈரம் வெளியேற. டிரம்மின் அடிவயிற்றில் முன்பக்கம் ஒட்டி 6 மி.மீ. துளை ஐந்து, தண்ணீர் வடிய.

தரையிலிருந்து ஒரு சாண்

8 அங்குல ஹாலோ பிளாக் நாலு. அதன் மேல் 4 அடி நீளச் சவுக்குக் கழி இரண்டு, நடுவுக்கு நடு 14 அங்குலம் இடைவெளியில். அந்தப் பள்ளத்தில் டிரம் உருளாமல் உட்காரும்; அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும். பின் கற்களுக்கு அடியில் ஓட்டுத்துண்டு வைத்து ஓர் அங்குலம் தூக்கிவிடுங்கள், தண்ணீர் முன்னால் வடியும். டிரம்மையும் கழியையும் சேர்த்து நைலான் கயிற்றால் இரண்டு இடத்தில் இறுக்குங்கள். இரும்பு ஆணி, கம்பி எதுவும் கடற்கரைப் பக்கம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். வயதான நாய் என்றால் வாசலில் படியாக இன்னொரு கல்.

மழைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வாசல் தெற்கு அல்லது தென்மேற்கு பார்க்கட்டும். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் தாழ்வாரத் தண்ணீர் கொட்டும் கோட்டிலிருந்து இரண்டடி தள்ளி. தென்னை மரத்தடி கூடாது. மட்டையோ காயோ விழும்.

கூரை

வெறும் டிரம் மேல் மழை அடித்தால் உள்ளே மேளம் கொட்டுவது போல் இருக்கும். வீடு கட்டியும் நாய் நுழையவில்லை என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டிரம் மேல் நாலு தென்னங்கீற்றைப் படியவைத்துக் கட்டுங்கள். சத்தம் அடங்கும், கீற்றுக்கு இடையில் நிற்கும் காற்று குளிரையும் தடுக்கும். அதற்கு மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர், முன்னால் ஓரடி நீட்டிக்கொண்டு இருக்கும்படி. பேனரின் ஓரம் படபடவென்று அடித்தால் நாய் மிரண்டு ஓடும். நாலு மூலையும் போதாது, ஓரத்துக்கு ஓரம் முக்கால் அடிக்கு ஒரு கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்கள்.

படுக்கை

சாக்கும் பழைய போர்வையும்தான் எல்லார் கைக்கும் முதலில் வரும். நனைந்த நாய் அதில் படுத்தால் துணி தண்ணீரைக் குடித்துவிட்டு, இரவு முழுக்க உடம்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வைக்கோல் அப்படியில்லை. தண்ணீர் இடைவெளி வழியே கீழே இறங்கிவிடும், வைக்கோல் தண்டுக்குள் நிற்கும் காற்று சூட்டைப் பிடித்துவைக்கும். போன சாகுபடிப் பட்டத்து வைக்கோல்போரிலிருந்து உருவிய, நன்றாகக் காய்ந்த வைக்கோலாக வாங்குங்கள். இப்போதுதான் அறுத்த குறுவை நெல் வைக்கோலில் ஈரம் இருக்கும், பூசணம் பிடிக்கும். உதறும்போது வெள்ளைத் தூள் பறந்தால் அது பூசணம். நாய்க்கு இருமல் வரும்.

டிரம்மில் பாதி வரை நிரப்புங்கள். நாய் மிதித்துச் சுற்றிக் குழி பறித்தபின் வாசல் விளிம்பு அளவுக்கு இறங்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை முழங்கை வரை கையை விட்டு அடித்தட்டில் விரலை வைத்துப் பாருங்கள். மேலே மொரமொரவென்று இருக்கும். அடியில் விரல் வழவழத்து, முகர்ந்தால் ஊறவைத்த தவிட்டு வாடை வந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். மேலே புதுசு போட்டு மூடினால் அடி அழுகும், உண்ணியும் சேரும்.

பூச்சிக்கு என்று பாச்சை உருண்டை போடவே போடாதீர்கள். அது நாய்க்கு விஷம். குண்டு பல்பு தொங்கவிடுவதும் வேண்டாம், வைக்கோலும் ஈரமும் இருக்கும் இடம் அது. கணப்புச் சட்டி வைத்தால் புகை தெரியாவிட்டாலும் காற்று நஞ்சாகும்.

நாயைப் பழக்குவது

பிடித்துத் தள்ளினால் அத்தோடு அந்த வீட்டை வெறுத்துவிடும். அது படுத்துப் பழகிய துணியை இரண்டு நாள் உள்ளே போட்டுவையுங்கள். சாப்பாட்டை முதலில் வாசலுக்கு வெளியே, அடுத்த நாள் விளிம்புக்கு உள்ளே, பிறகு கடைசி வரை தள்ளி வையுங்கள். தானாகப் போய்ப் படுத்தபின் துணியை எடுத்துவிடலாம்.

நனைந்து வந்தால் படுக்கைக்கு முன் துவட்டிவிடுங்கள். முதுகை விட அடிவயிறு, விரலிடுக்கு, காது மடல் மூன்றும் முக்கியம். ஸ்வெட்டர் போட்டிருந்தால் நனைந்ததும் கழற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவும் காலம் இது. தடுப்பூசி முதல்முறை என்றால் சில வாரம் இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும், அதனால் ஆவணியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

இந்த வீடு பத்தாத நேரம்

புயல் எச்சரிக்கை வந்தால் டிரம்மை நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலில் இந்தப் பக்கம் கூரைகளே பறந்தன. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. ஒரு சாண் உயரம் அதற்கு எந்த மூலைக்கு? அன்று நாய் வீட்டுக்குள், கூடத்து ஓரத்தில் படுக்கட்டும். கட்டிப்போட்ட நாயை வெளியே விட்டுவிடவே கூடாது. குட்டிகளையும் குட்டி போட்ட தாயையும் மழைக்காலம் முழுக்க உள்ளே வையுங்கள். பிறந்த குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது.

நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாயில் வைத்துப் பார்த்த சூடு 99க்குக் கீழே இருந்தாலோ, நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று துவண்டாலோ, அது தேறிவிட்டதாக எண்ணாதீர்கள். துவட்டி, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் பேனரை அவிழ்த்துக் கீற்றை மட்டும் நிழலுக்கு விட்டுவிடுங்கள். வைக்கோலை எருக்குழியில் கொட்டி, டிரம்மைக் கழுவிக் காயவைத்து, பின்பக்கத்து மேல் திருகுமூடியைத் திறந்துவிட்டால் காற்று நேராகப் போய்வரும்.